உறவிலிருந்து நேரத்துக்கு: சமூக வலைத்தளங்களின் போட்டி எதைப் பற்றியது?

கேட்கப்பட்ட கேள்வி இது: ஸ்னாப்சாட்டில் பிறந்த ஸ்டோரி இன்ஸ்டாகிராமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் வந்துவிட்டது; டிக்டாக்கின் குறுங்காணொளி ரீல்ஸ் என்றும் ஷார்ட்ஸ் என்றும் பெயர் மாறி எல்லாச் செயலிகளிலும் நிறைந்துவிட்டது. எல்லாத் தளங்களும் ஒன்றைப் பார்த்து மற்றொன்று மாறிக்கொண்டே இருக்கும்போது, சில மட்டும் நிலைத்து நிற்பதும் ஆர்குட் போன்ற சில அடியோடு மறைவதும் ஏன்? பயனரைப் பிடித்து வைத்திருப்பது உண்மையில் எது?

ஒரு தளத்தின் வசதிகளை எந்தப் போட்டியாளரும் சில மாதங்களில் நகலெடுத்துவிடலாம். அவ்வளவு எளிதில் நகலெடுக்க முடியாதது, அந்தத் தளத்தில் ஏற்கெனவே கூடியிருக்கும் மனிதர்களும் அவர்களுக்கிடையேயான தொடர்புகளும்தான். 2004 முதல் ஏறத்தாழ 2016 வரை இத்துறையில் நடந்த போட்டி முழுவதும் அந்த உறவு வலை யாருடைய கைக்குப் போகும் என்பதைப் பற்றியதாக இருந்தது. அதன் பிறகு போட்டியின் பொருளே மாறிவிட்டது. ஒருவருக்கு நண்பர் என்று யாருமே இல்லாவிட்டாலும் அவரை மணிக்கணக்கில் திரையின் முன் அமர வைக்க முடியும் என்று டிக்டாக் காட்டியதும், எல்லா நிறுவனங்களும் உறவைக் காப்பதை விட்டுவிட்டு நேரத்தைப் பிடிப்பதற்குத் திரும்பின. இன்று நம் திரையில் தெரிந்தவர்களின் முகம் குறைந்து தெரியாதவர்களின் காணொளி பெருகியிருப்பதற்கு இந்தத் திருப்பமே காரணம் என்பது என் கருத்து. அதை எனக்குத் தெரிந்த அளவில் விளக்குகிறேன்.

இந்திய வாசகருக்கு நெருக்கமான ஆர்குட்டிலிருந்தே தொடங்கலாம். கூகுளில் பணியாற்றிய ஆர்குட் புயுக்கோக்டென் உருவாக்கிய அந்தத் தளம் 2004 ஜனவரியில் வெளிவந்தது. ஃபேஸ்புக் அதற்கு அடுத்த மாதம் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்களுக்கு மட்டும் தொடங்கப்பட்டது. இந்தியாவிலும் பிரேசிலிலும் ஆர்குட் அடைந்த செல்வாக்கு சாதாரணமானதன்று. ஆனால் அதன் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் பின்னாளில் நேர்ந்த சரிவின் காரணம் அதற்குள்ளேயே இருப்பது தெரியும். ஒருவருக்கு நீங்கள் ஸ்கிராப் என்ற சிறு செய்தியை எழுதினால் அது அவருடைய ஸ்கிராப்புக்கில் போய் நிற்கும். அவர் பதில் எழுத வேண்டுமானால் உங்கள் ஸ்கிராப்புக்குக்கு வந்து எழுத வேண்டும். ஆகவே இருவரின் ஒரே உரையாடல் இரண்டு பக்கங்களில் பாதி பாதியாகப் பிரிந்து கிடந்தது. முழுவதையும் படிக்க விரும்பிய மூன்றாமவர் இரண்டு பக்கங்களையும் மாறி மாறித் திறந்து பார்த்தார். நண்பர் ஒருவர் புதிய படம் போட்டிருக்கிறாரா என்று அறிய அவருடைய பக்கத்துக்கே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. ஐம்பது நண்பர்கள் இருந்தால் ஐம்பது வீட்டு வாசலுக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவது போன்ற வேலை அது. பிற்காலத்தில் நண்பர்களின் செயல்களை முகப்பில் காட்டும் பகுதி சேர்க்கப்பட்டது என்றாலும், தளத்தின் உயிர் கடைசி வரை தனித்தனிப் பக்கங்களிலும் குழுமங்களிலும்தான் இருந்தது.

ஃபேஸ்புக்கும் முதல் இரண்டரை ஆண்டுகள் இப்படித்தான் இருந்தது. 2006 செப்டம்பர் 5 அன்று அது நியூஸ் ஃபீட் என்ற வசதியைக் கொண்டுவந்தது. நண்பர்கள் எங்கெங்கோ செய்த மாற்றங்கள் அனைத்தும் ஒரே பட்டியலாக, நீங்கள் எங்கும் போகாமல், உள்ளே நுழைந்தவுடன் உங்கள் முன் வந்து நின்றன. பயனர்கள் கொதித்தெழுந்தார்கள். தம் காதல் முறிவையும் புதிய நட்பையும் தளமே எல்லோருக்கும் பறைசாற்றுகிறது என்பது அவர்களுடைய நியாயமான புகார். அதை எதிர்த்துத் தொடங்கப்பட்ட குழுவில் சில நாட்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். மார்க் சக்கர்பெர்க் முதலில் அமைதி காக்கும்படி எழுதினார். பிறகு மன்னிப்புக் கேட்டுத் தனியுரிமை அமைப்புகளைச் சேர்த்தார். ஆனால் நியூஸ் ஃபீடை மட்டும் எடுக்கவில்லை. எதிர்ப்புக் குழு அவ்வளவு வேகமாக வளர்ந்ததற்கே காரணம், 'உங்கள் நண்பர் இந்தக் குழுவில் சேர்ந்தார்' என்ற செய்தியை நியூஸ் ஃபீட் எல்லோருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததுதான் என்பதை நிறுவனத்தினர் உடனே கவனித்துவிட்டார்கள். மக்கள் சொல்வதற்கும் செய்வதற்கும் இடைவெளி இருந்தால் செய்வதையே நம்ப வேண்டும் என்ற பாடத்தை இத்துறை கற்றுக்கொண்ட தருணம் அதுவே என்று கருதுகிறேன். பின்னர் வந்த பல தவறுகளுக்கும் அந்தப் பாடமே வேராக இருந்தது. ஒருவர் ஒன்றைப் பார்த்தார் என்பதாலேயே அதை அவர் விரும்பினார் என்று ஆகிவிடாது. ஆனால் பார்த்ததை எண்ண முடியும், விரும்பியதை எண்ண முடியாது.

ஆர்குட்டை இந்தியாவில் ஃபேஸ்புக் 2010ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் முந்தியது. 2011இன் இறுதியில் பிரேசிலிலும் முந்தியது. ஆர்குட்டும் சும்மா இருக்கவில்லை. 2009 அக்டோபரில் அதன் புதிய வடிவம் வந்தது, ஆனால் அழைப்பு பெற்றவர்களுக்கு மட்டும். தொடர்பே உயிராக உள்ள ஒரு தளத்தில் பயனர்களைப் பழைய ஆர்குட்டினர், புதிய ஆர்குட்டினர் என்று இரண்டாகப் பிரித்தது பெரும் பிழை. அதற்குள் கல்லூரித் தோழர்களில் பாதிப் பேர் இடம்பெயர்ந்துவிட்டார்கள், எஞ்சியவர்கள் வெறிச்சோடிய ஸ்கிராப்புக்கைப் பார்த்துவிட்டு அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். உறவு வலையின் இயல்பு அப்படிப்பட்டது. ஒவ்வொருவராக வந்து சேரும்போது அதன் மதிப்பு எப்படிப் பெருகுகிறதோ, அப்படியே ஒவ்வொருவராக வெளியேறும்போது இன்னும் வேகமாகச் சரிகிறது. 2014 செப்டம்பர் 30 அன்று கூகுள் ஆர்குட்டை மூடியது. பக்கம் திறக்க நேரம் பிடித்ததால் ஆட்களை இழந்த ஃபிரெண்ட்ஸ்டருக்கும், 2005இல் 58 கோடி டாலருக்கு வாங்கப்பட்டு 2011இல் சுமார் 3.5 கோடி டாலருக்கு விற்கப்பட்ட மைஸ்பேஸுக்கும் நேர்ந்தது ஏறக்குறைய இதே கதைதான்.

ஃபேஸ்புக் இந்த இயல்பை மற்றவர்களைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டு அதைச் சுற்றித் தன் வேலையை ஒழுங்குபடுத்திக்கொண்டது. சமத் பலிஹபிதியா தலைமையில் அங்கே இயங்கிய வளர்ச்சிக் குழு, புதிதாகச் சேரும் ஒருவர் 10 நாட்களுக்குள் 7 நண்பர்களைப் பெற்றுவிட வேண்டும் என்பதையே ஒற்றை இலக்காக வைத்துக்கொண்டது என்று அவரே பின்னாளில் பொதுமேடையில் சொல்லியிருக்கிறார். முகவரிப் பட்டியலைப் பதிவேற்றச் சொல்வது, 'இவரை உங்களுக்குத் தெரியுமா' என்று கேட்பது, ஒரு படத்தில் உங்கள் பெயர் குறிக்கப்பட்டது என்று மட்டும் சொல்லிப் படத்தைக் காட்டாமல் மின்னஞ்சல் அனுப்புவது ஆகிய எல்லாம் அந்த வழியில் வந்தவை. படத்தையும் மின்னஞ்சலிலேயே அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீங்கள் தளத்துக்குள் வர வேண்டிய தேவை இருக்காது.

இனி வசதிகளை நகலெடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி ஊகிக்க வேண்டிய தேவையில்லை, ஆவணமே இருக்கிறது. 2012 பிப்ரவரியில் சக்கர்பெர்க் தம் நிறுவனத்தின் நிதித்துறைத் தலைவருக்கு எழுதிய மின்னஞ்சலை அமெரிக்க நாடாளுமன்றக் குழு 2020 ஜூலையில் வெளியிட்டது. சமூகச் செயலிகளில் புதிதாகக் கண்டுபிடிக்கக்கூடிய பழக்கமுறைகள் எண்ணிக்கையில் குறைவானவை என்றும், அவற்றில் ஒன்றில் ஒருவர் வென்றுவிட்டால் வேறெதையாவது புதிதாகச் செய்யாமல் அவரை அகற்றுவது கடினம் என்றும், இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்களை வாங்குவதன் மூலம் நாம் உண்மையில் வாங்குவது காலத்தையே என்றும் அதில் அவர் விளக்குகிறார். மின்னஞ்சல் எழுதிய அதே 2012இன் ஏப்ரலில் 13 பேர் மட்டுமே பணியாற்றிய இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. 2014இல் வாட்ஸ்அப்புக்கு 1,900 கோடி டாலர் என்று விலை பேசியது. எந்தச் செயலி வளர்ந்துகொண்டிருக்கிறது என்று முன்கூட்டியே அறிய அதனிடம் ஒரு கருவியும் இருந்தது. 2013இல் வாங்கிய ஓனாவோ என்ற இஸ்ரேலிய நிறுவனத்தின் விபிஎன் செயலி (கைபேசியின் இணையப் போக்குவரத்தைத் தன் வழியாகச் செலுத்துவது), தரவைப் பாதுகாப்பதாகச் சொல்லிக்கொண்டே, பயனர் தம் கைபேசியில் வேறு எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு பயன்படுத்துகிறார் என்பதை ஃபேஸ்புக்குக்குத் தெரிவித்துக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பின் உண்மையான வளர்ச்சி மற்றவர்களுக்குத் தெரியும் முன்பே அதற்குத் தெரிந்தது இப்படித்தான். பாதுகாப்பு தேடி வந்தவர்களைப் போட்டியாளரை உளவு பார்க்கும் கண்ணாக மாற்றிய இந்தச் செயலை, இத்துறையின் வரலாற்றில் மன்னிக்கவே முடியாதவற்றுள் ஒன்றாக நான் நினைக்கிறேன்.

விற்க மறுத்தவர் ஸ்னாப்சாட்டின் எவன் ஸ்பீகல். 2013இல் 300 கோடி டாலர் தருவதாகச் சொல்லியும் அவர் மறுத்தார் என்பது அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. அவருடைய செயலி கண்டுபிடித்த பழக்கமுறை, பதிவு அழிந்துபோவது. ஃபேஸ்புக்கில் போடும் படம் என்றென்றைக்கும் நிற்கும், அத்தையும் பார்ப்பார், அலுவலகத்தாரும் பார்ப்பார் என்ற தயக்கம் இளைஞர்களைப் படம் போடவிடாமல் தடுத்தது. 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்றால் அந்தத் தயக்கம் போய்விடும். 2013 அக்டோபரில் ஸ்னாப்சாட் கொண்டுவந்த ஸ்டோரியை 2016 ஆகஸ்ட் 2 அன்று இன்ஸ்டாகிராம் அதே பெயரிலேயே எடுத்துக்கொண்டது. இந்த வடிவத்துக்கான பெருமை ஸ்னாப்சாட்டையே சேரும் என்று இன்ஸ்டாகிராம் நிறுவனர் கெவின் சிஸ்ட்ரம் அப்போதே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஓராண்டு கூட ஆவதற்குள் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியின் தினசரிப் பயனர் எண்ணிக்கை முழு ஸ்னாப்சாட்டின் எண்ணிக்கையைத் தாண்டியது. கண்டுபிடித்தவர் தோற்று நகலெடுத்தவர் வென்றதன் காரணம், பயனரின் நண்பர்கள் ஏற்கெனவே இன்ஸ்டாகிராமில் இருந்தார்கள் என்பதுதான். ஸ்னாப்சாட் அழிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நெருங்கிய சிலருக்குள் நடக்கும் உரையாடலைத் தன்னிடம் இறுகப் பிடித்துக்கொண்டு அது இன்றும் பெரிய செயலியாகவே இருக்கிறது. அந்தப் பிடியின் ஒரு பகுதி ஸ்ட்ரீக் என்ற எண்ணிக்கை. இரண்டு நண்பர்கள் தொடர்ந்து சில நாட்கள் ஒருவருக்கொருவர் படம் அனுப்பிக்கொண்டால் பெயரருகே தீச்சுடர் ஒன்றும் நாட்களின் எண்ணிக்கையும் தோன்றும். அன்றைக்கு அனுப்ப மறந்து நேரம் முடியப் போகிறது என்றால் மணற்கடிகாரம் வந்து எச்சரிக்கும். பதின்வயதுப் பிள்ளைகள் பேச எதுவும் இல்லாத நாளிலும் சுவரையோ கூரையையோ படமெடுத்து அனுப்பிவிட்டுத் தூங்கப் போவதை நான் அறிந்த வீடுகளிலேயே பார்த்திருக்கிறேன். நட்பைக் கணக்காக மாற்றி, கணக்கு உடைந்துவிடுமோ என்ற அச்சத்தால் ஆளைத் திரும்ப வரவழைப்பது பிள்ளைகளிடம் செய்யக்கூடாத வேலை.

இப்படி எண்ணத் தொடங்கியதும் எதை எண்ணுவது என்பதே ஒரு தளத்தின் குணத்தைத் தீர்மானிக்கும் முடிவாகிவிட்டது. யூடியூப் 2012 வரை காணொளி எத்தனை முறை சொடுக்கப்பட்டது என்பதைப் பெரிதாகக் கொண்டது. அதனால் உள்ளடக்கத்துக்குத் தொடர்பில்லாத கவர்ச்சியான முகப்புப் படங்கள் பெருகின. அந்த ஆண்டில் அது பார்த்த நேரத்தை அளவுகோலாக்கியது. தலைப்பால் ஏமாற்றுவது குறைந்தது, ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்க வைப்பதே வெற்றி என்றாகிவிட்டது. ஃபேஸ்புக்கில் நடந்தது இன்னும் கடுமையானது. 2018 ஜனவரியில், நண்பர்களுக்கிடையே பொருளுள்ள உறவாடலை வளர்க்கப் போவதாக அறிவித்து அது தன் வரிசைப்படுத்தும் முறையை மாற்றியது. நோக்கம் நல்லது, அதனால் காணொளி பார்க்கும் நேரம் குறைந்தாலும் ஏற்போம் என்றுகூட நிறுவனம் சொன்னது. ஆனால் பொருளுள்ள உறவாடலைக் கணினிக்கு எப்படிச் சொல்வது? மதிப்பெண் கொடுத்தார்கள். 2021இல் வெளியான உள் ஆவணங்களின்படி, ஒரு லைக்குக்கு 1 மதிப்பெண், எதுவும் எழுதாத மறுபகிர்வுக்கும் உணர்ச்சிக்குறிக்கும் 5, நீளமான பின்னூட்டத்துக்கு 30. உணர்ச்சிக்குறிகளில் கோபமும் ஒன்று. அதற்கும் லைக்கைப் போல 5 மடங்கு மதிப்புத் தரப்பட்டது.

இந்த எண்களை ஒரு பதிவின் மீது பொருத்திப் பாருங்கள். உங்கள் சிற்றப்பா தம் தோட்டத்து மாமரம் பூத்திருக்கும் படத்தைப் போடுகிறார். இருபது பேர் பார்த்து மகிழ்ந்து லைக் போட்டுவிட்டு நகர்கிறார்கள், 20 மதிப்பெண். அதே நேரத்தில் வேறொருவர் ஒரு சாதியையோ மதத்தையோ இழிவுபடுத்தி நான்கு வரி எழுதுகிறார். நான்கு பேர் கோபக்குறி போடுகிறார்கள், இரண்டு பேர் ஆத்திரத்தோடு நீண்ட மறுப்பு எழுதுகிறார்கள், 80 மதிப்பெண். மறுத்தவர்கள் அந்தப் பதிவை எதிர்த்தார்கள் என்பது கணக்கில் வரவே இல்லை. நான்கு மடங்கு மதிப்புப் பெற்ற அந்தப் பதிவு மேலே ஏறுகிறது, மாமரம் கீழே போகிறது. ஐரோப்பாவின் சில அரசியல் கட்சிகள், இந்த மாற்றத்துக்குப் பிறகு எதிர்மறையாகப் பேசினால்தான் மக்களிடம் சென்று சேர முடிகிறது என்று ஃபேஸ்புக்கிடமே முறையிட்டதும் அந்த ஆவணங்களில் இருக்கிறது. கோபக்குறியின் மதிப்பை நிறுவனம் 2020 செப்டம்பரில் சுழியாக்கியது. நான் தந்தது எளிமைப்படுத்திய உதாரணம்தான்; உண்மையான வரிசைப்படுத்தலில், எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் உள்ள நெருக்கம் உள்படப் பல கூறுகள் கலக்கின்றன. ஆனாலும் கருத்துவேறுபாட்டுக்கு விலை அதிகமாகவும் அமைதியான மகிழ்ச்சிக்கு விலை குறைவாகவும் இருந்த நிலையை இந்தக் கணக்கு சரியாகவே காட்டுகிறது.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் நண்பர் என்று ஒருவர் இருந்தார். டிக்டாக் அவரை நீக்கியது. பைட்டான்ஸ் என்ற சீன நிறுவனம் 2016இல் டோயின் என்ற செயலியைத் தொடங்கி, அதன் பன்னாட்டு வடிவமான டிக்டாக்கோடு மியூசிக்கலி என்ற குறுங்காணொளிச் செயலியை 2018 ஆகஸ்டில் இணைத்தது. அதன் சிறப்பு ஏதோ மறைபொருளான அல்காரிதத்தில் இருப்பதாகப் பலர் பேசுகிறார்கள். பெரும்பகுதி விளக்கம் திரையின் அமைப்பிலேயே இருக்கிறது. ஃபேஸ்புக்கில் நீங்கள் விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது திரையில் ஒரு பதிவின் பாதியும் அடுத்த பதிவின் பாதியும் தெரியும்; நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்று நிறுவனத்துக்கு உறுதியாகத் தெரியாது, லைக் போட்டால்தான் தெளிவாகத் தெரியும். பெரும்பாலோர் எதற்கும் லைக் போடுவதில்லை. டிக்டாக்கில் ஒரு நேரத்தில் ஒரே காணொளி, திரை முழுவதும். அதைப் பார்க்கிறீர்கள், அல்லது தள்ளிவிடுகிறீர்கள். இரண்டாவது நொடியில் தள்ளினீர்களா, முடியும் வரை பார்த்தீர்களா, முடிந்தபின் மறுபடியும் ஓடவிட்டீர்களா என்பதெல்லாம் நீங்கள் எதையும் அழுத்தாமலேயே தரும் தீர்ப்புகள். ஒவ்வொரு காணொளியும் சில நொடிகளே நீள்வதால் பத்து நிமிடத்தில் இப்படிப்பட்ட தீர்ப்புகள் பல டசன் கிடைத்துவிடுகின்றன. யாரையும் பின்தொடரத் தேவையில்லை, முகவரிப் பட்டியலைத் தரத் தேவையில்லை. முதல் நாள் மாலைக்குள் உங்கள் ரசனையை அது ஓரளவு பிடித்துவிடும். ஃபேஸ்புக் பத்தாண்டுகளுக்கு மேல் கட்டிக் காத்த உறவு வலை என்ற கோட்டை, அதன் வழியாக வராத இந்தப் போட்டியாளரிடம் பயன்படவில்லை.

இதன் பின்விளைவை இந்தியாவைப் போல வேறெந்த நாடும் தெளிவாகக் கண்டதில்லை. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் பதிவிறக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்து, அதே மாதம் 24ஆம் தேதி நீக்கியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு விதித்த தடையில் டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகள் ஒரே இரவில் போயின. பெரிய சந்தை ஒன்று முழுவதுமாகக் காலியாகக் கிடந்த அந்த நாட்களில் என்ன நடந்தது என்று கவனிப்பவருக்கு, தளங்களின் போட்டியைப் பற்றி எந்தப் பாடநூலும் கற்றுத் தர முடியாதவை புரியும். ஷேர்சாட் நிறுவனம் உடனடியாக மோஜ் செயலியை இறக்கியது. டெய்லிஹண்ட் ஜோஷைக் கொண்டுவந்தது. சிங்காரி, ரொபோசோ, எம்எக்ஸ் டகாடக் எல்லாம் கோடிக்கணக்கான பதிவிறக்கங்களைப் பெற்றன. இன்ஸ்டாகிராம் ஜூலை 8 அன்று இந்தியாவில் ரீல்ஸைத் தொடங்கியது. யூடியூப் செப்டம்பரில் ஷார்ட்ஸை முதலில் இந்தியாவிலேயே சோதித்தது. வசதி எல்லாரிடமும் ஒன்றுதான். இந்திய மொழிகளைப் புரிந்துகொள்வதில் உள்நாட்டுச் செயலிகளே ஒரு படி மேல். ஆயினும் இறுதியில் நிலைத்தவை ரீல்ஸும் ஷார்ட்ஸும்தான்.

காரணம் பார்வையாளரைவிடப் படைப்பாளரிடம் இருக்கிறது. தம் உழைப்புக்குப் பார்வையாளர் எங்கே மிகுதியோ, பணம் எங்கே வருமோ, அங்கேதான் படைப்பாளர் போவார். யூடியூபில் ஏற்கெனவே விளம்பர வருவாயைப் பகிரும் ஏற்பாடு இருந்தது, 2023 பிப்ரவரியில் அது ஷார்ட்ஸுக்கும் விரிந்தது. உடன்குடியைச் சேர்ந்த ஜி.பி. முத்துவைத் தமிழர்கள் டிக்டாக்கில்தான் முதலில் அறிந்தார்கள். தடைக்குப் பின் அவர் யூடியூபுக்கு வந்து, தமக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் காணொளிகளால் முன்னிலும் பெரிய கூட்டத்தைச் சேர்த்தார். டிக்டாக்கில் உருவான அவருடைய பெயர் அங்கேயே மடியாமல் அவரோடு வந்தது. ஆனால் அந்த இடமாற்றம் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. வயல் வரப்பிலும் செங்கல் சூளையிலும் நின்று வேலையிடைவெளியில் ஆடிப் பாடியவர்கள் பலர், படத்தின் நேர்த்திக்குப் பேர்போன இன்ஸ்டாகிராமில் அந்நியராக உணர்ந்து ஒதுங்கிவிட்டார்கள். அவர்கள் பெற்றிருந்த பின்தொடர்பவர்களைக் கையோடு எடுத்துச் செல்ல எந்த வழியும் இருக்கவில்லை. ஒருவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த தொடர்புகள் அவருக்குச் சொந்தமில்லை, தளத்துக்குச் சொந்தம் என்ற ஏற்பாட்டின் கொடுமையை அந்த ஜூன் இரவில் அவர்களைவிட யாரும் நன்றாக உணர்ந்திருக்க மாட்டார்கள்.

உலகின் மற்றப் பகுதிகளில், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா கொஞ்சம் தாமதமாகவே விழித்தது. 2022 பிப்ரவரியில், ஃபேஸ்புக்கின் தினசரிப் பயனர் எண்ணிக்கை அதன் வரலாற்றில் முதன்முறையாகச் சற்றுக் குறைந்ததாக அறிவிக்கப்பட்ட மறுநாள் நிறுவனத்தின் சந்தை மதிப்பில் சுமார் 23,000 கோடி டாலர் கரைந்தது. அதன்பின் பின்தொடராதவர்களின் பதிவுகளைத் திரையில் நிறைப்பது வேகமெடுத்தது. அந்த ஜூலையில் பயனர்களின் எதிர்ப்பால் இன்ஸ்டாகிராம் சிறிது பின்வாங்கியதும், பின்னர் அதே திசையில் மெல்ல முன்னேறியதும், 2006இல் நியூஸ் ஃபீடுக்கு நடந்ததன் மறுபதிப்பு. 2025 நவம்பரில் அமெரிக்க நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் அளித்த தீர்ப்பில் இதன் விளைவு எண்ணாகவே பதிவாகியிருக்கிறது: ஃபேஸ்புக்கில் செலவழியும் நேரத்தில் நண்பர்களின் பதிவுகளைப் பார்ப்பது 17 சதவீதம், இன்ஸ்டாகிராமில் வெறும் 7 சதவீதம். இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் வாங்கியது ஏகபோகத்துக்காக என்று அரசு தொடுத்த வழக்கில், நண்பர்களை இணைக்கும் தளம் என்ற தனிச் சந்தையே இப்போது இல்லை, டிக்டாக்கும் யூடியூபும் அதே சந்தையின் போட்டியாளர்கள் என்ற அடிப்படையில் மெட்டா வென்றது. சட்டத்தின் பார்வையில் அது சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் மக்களைத் தம் நண்பர்களோடு இணைப்பதாகச் சொல்லி வளர்ந்த நிறுவனம், அந்த வேலையைப் பெரும்பாலும் விட்டுவிட்டதையே தன் வாதமாக வைத்து வழக்கிலிருந்து மீண்டிருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு வேதனையாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் நண்பர்கள் எங்கே போனார்கள்? தனிச்செய்திகளுக்கும் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போய்விட்டார்கள். பதின்வயதினர் முகப்பைவிட ஸ்டோரியிலும், ஸ்டோரியைவிடத் தனிச்செய்திகளிலும் அதிக நேரம் செலவிடுகிறார்கள் என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2023இலேயே கூறினார். நகலெடுப்பும் இப்போது அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம், நண்பர் எங்கிருக்கிறார் என்று காட்டும் வரைபடத்தையும், நண்பர்கள் ரசித்த ரீல்ஸைத் தனியே காட்டும் பகுதியையும் சேர்த்தது; வரைபடம் ஸ்னாப்சாட்டில் 2017 முதல் இருப்பது. அந்நியரின் காணொளியைப் பார்த்துவிட்டு நண்பருக்கு அனுப்புவதே இன்றைய பயனரின் முக்கியமான சமூகச் செயல் என்பதால், அனுப்பும் எண்ணிக்கை இன்று வரிசைப்படுத்தலில் பெரிய இடம் பெறுகிறது. உறவு வலைக்கு இன்னும் வலிமை இருக்கிறது என்பதற்கு வேறொரு சான்று மெட்டாவின் எழுத்துப் பதிவுச் செயலியான திரெட்ஸ். 2023 ஜூலையில் அது 5 நாட்களில் 10 கோடி பயனர்களைப் பெற்றதற்குக் காரணம், இன்ஸ்டாகிராம் கணக்கையும் அங்கே தாம் பின்தொடரும் கணக்குகளையும் ஒரே அழுத்தத்தில் கொண்டுவர முடிந்ததுதான். அப்படி எந்த வலையும் பின்னணியில் இல்லாத இந்தியாவின் எழுத்துப் பதிவுச் செயலியான கூ 2024 ஜூலையில் மூடப்பட்டது.

பயனர் தம் திரையை ஓரளவாவது மீட்டுக்கொள்ள முடியுமா என்பது கேள்வியில் நேரடியாக இல்லை என்றாலும் அதையும் தொட வேண்டும். நாம் பின்தொடரும் கணக்குகளின் பதிவுகளை மட்டும் கால வரிசையில் காட்டும் தெரிவை இன்ஸ்டாகிராம் 2022 மார்ச்சில் கொண்டுவந்தது. ஆனால் செயலியை மூடித் திறந்தால் அது பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஒவ்வொரு முறையும் நீங்களே தேடி மாற்ற வேண்டும். தொடக்க நிலையில் எது இருக்கிறதோ அதையே பெரும்பாலோர் பயன்படுத்துவார்கள் என்பது தளங்களுக்கு நன்றாகத் தெரியும், ஆகவே போட்டியின் மிக வலிமையான கருவி அந்தத் தொடக்க நிலைதான். ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் 2025 அக்டோபரில், ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்மச் சேவைகள் சட்டத்தின்படி, பயனர் ஒருமுறை தேர்ந்தெடுத்த காட்சிமுறை செயலியை மறுபடி திறக்கும்போதும் அப்படியே நீடிக்க வேண்டும் என்று மெட்டாவுக்கு உத்தரவிட்டது. மீறினால் நாளொன்றுக்கு ஒரு லட்சம் யூரோ தண்டம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இத்தகைய உரிமை இல்லை. ஆனால் அதன் 9ஆவது பிரிவு, 18 வயதுக்குட்பட்டவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதைத் தடை செய்கிறது. இரண்டாவது நொடியில் தள்ளினாரா, முடியும் வரை பார்த்தாரா என்று எண்ணுவதும் நடத்தைக் கண்காணிப்புதானே என்ற வாதத்தை எவரேனும் அந்தப் பிரிவின் கீழ் முன்வைத்து அது ஏற்கப்பட்டால், குறுங்காணொளித் தளங்கள் அனைத்தும் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தம் அடிப்படை அமைப்பையே மாற்ற வேண்டியிருக்கும்.